கிமியே ஒட்டிய பூ

நம்பாதவர்கள் எங்கள் தெருவுக்கு வந்து பார்க்கலாம். அந்தக் கதவு இன்னும் இருக்கிறது. கதை கட்டுவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் இது கட்டியதல்ல.

பக்கத்து வீட்டு ஹிராபயாஷி முதியோர் இல்லத்தில் படுத்திருந்தார். புத்தாண்டன்று தன் வீட்டில் கண் விழிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. மனைவி கிமியே இறந்த பிறகு அந்த வீட்டில் யாரும் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. கூரை ஒழுகும், குழாய் ஒழுகும், கதவை இழுத்தால் அழும். வருடக் கடைசியில்தான் மகன் தெட்சுரோவுக்கு ரோஷம் வந்தது. மனைவி சயோகோ, இரண்டு மகள்களோடு சுத்தியலும் ஏணியுமாக வந்து இறங்கினான். நானும் போனேன். உதவிக்கு என்று சொல்லிக்கொண்டு.

பின்னறைக்கு மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டிய இழுப்புக் கதவு. அது முழுக்கப் பூக்கள். எங்கே ஓட்டை விழுந்தாலும் கிமியே காகிதத்தைப் பூவாக வெட்டி ஒட்டிவிடுவாள்.

“இதை மாமா தொடவே விடமாட்டாரே,” என்றாள் சயோகோ.

“புதுசா பாத்தா சந்தோஷப்படுவாரு. குத்துங்கடி!” என்றான் தெட்சுரோ மகள்களிடம்.

புதுக் காகிதம் ஒட்டுமுன் பழையதைக் குத்திக் கிழிப்பது பிள்ளைகளின் உரிமை. பொத்... பொத்... ஒரே சிரிப்பு. நானும் பிள்ளையாகி நாலு குத்து விட்டேன்.

“அத்தை, உங்க வீட்டுக் கதவு இதைவிடக் கேவலம். அதுக்கு எப்போ?” என்று தெட்சுரோ என்னைச் சீண்டினான்.

“உன் வேலையைப் பாருடா.”

பழைய காகிதத்தை எரித்தோம். புதியது மேளத் தோல்போல விறைத்து நின்றது. நான்கு மணிக்குப் பெரியவரை அழைத்துவர எல்லோரும் காரில் கிளம்பினார்கள். அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள நான் மட்டும்.

பனி விழுந்துகொண்டிருந்தது. சீக்கிரமே இருட்டிவிட்டது.

சரக்... சரக்...

கத்தரிக்கோல். பின்னறைக்குள்.

அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது. சன்னலும் கிடையாது.

ஓடியிருக்க வேண்டும். என் குணம் விடுமா? விரலை எச்சில் தொட்டு, புதுக் காகிதத்தில் மெல்ல ஓர் ஓட்டை போட்டேன். கண்ணை வைத்தேன்.

இருட்டு.

சத்தம் நின்றது.

தரைப்பாய் சரசரத்தது... ஓரடி... இன்னும் ஓரடி...

வெள்ளையாக ஏதோ ஓட்டையை மூடியது.

ஈரம். என் இமை மேலேயே.

பின்னால் விழுந்தேன். ஓட்டை இருந்த இடத்தில் ஒரு காகிதப் பூ. உள்ளிருந்து ஒட்டியது. பசை இன்னும் காயவில்லை...

போன் அடித்தது. தெட்சுரோ.

“அத்தை... அப்பா போயிட்டாரு. கோட்டு போட்டு உக்கார வச்சிருந்தோம். இப்பத்தான்...”

காரியமெல்லாம் முடிந்த பிறகு சயோகோ தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

“கிளம்பலாமா மாமான்னு கேட்டேன். ‘கொஞ்சம் இரும்மா, கிமியே வந்திருக்கா. புதுக் கதவுல யாரோ ஓட்டை போட்டுட்டாங்களாம். ஒட்டிட்டு வந்து என்னைக் கூட்டிட்டுப் போறேன்னா’ன்னாரு. கதவு மாத்தினதையே நாங்க அவர்கிட்ட சொல்லல அத்தை. அதுவும் ஓட்டையாம்! நீங்க அழகுக்கு ஒட்டினதா சொன்ன பூ ஒண்ணுதானே இருக்கு?”

நான் வலது கை விரலை மடக்கிக்கொண்டேன்.