வெளிச்சக்கூட்டில் ஒரு சந்தனப் பொட்டு

மகள் யப்பானில் காகித வெளிச்சக்கூடு கட்டப் பழகுகிறாள் என்றால் ஜேர்மனியில், கொலோனில் இருக்கும் எங்கள் சனங்களுக்கு நம்பிக்கை வராது. "டொக்டருக்குப் படிக்கேல்லையோ?" என்று கேட்ட தெரிந்த அக்கா ஒருவரிடம், "இல்லை, கூட்டுக்குத்தான் படிக்கிறா" என்றேன். அதன்பிறகு அவர் என்னோடு அதிகம் கதைப்பதில்லை. எனக்கொன்றும் நட்டமில்லை.

எனக்கு என் பிள்ளையைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். போனதிலிருந்து அவளைத் திரையில்தான் பார்க்கிறேன். இங்கே ஒரு கண்காட்சியில் தன் கூட்டை வைக்க இடம் கிடைத்திருக்கிறது, கார்த்திகையில் வருகிறேன் என்றாள். கூடு முன்கூட்டியே தபாலில் வந்தது.

அப்பளக்கட்டுப்போல மடிந்து கிடந்ததை மெல்லத் தூக்கினேன், எழும்பி நின்றது. மர அச்சின்மேல் மூங்கில் ஈர்க்கைச் சுற்றி, காகிதம் ஒட்டி, காய்ந்ததும் அச்சைத் துண்டு துண்டாகக் கழற்றி வாய்வழியே எடுப்பார்களாம். அவள் தனியாகவே செய்து முடித்த முதல் கூடு அது.

கூட்டைத் தொங்கவிடக் கொளுவி எடுக்க நிலவறைக்குப் போய் வந்தேன். அதற்குள் என் கணவர் கூட்டின் நடுவில் பெரிய சந்தனப் பொட்டு வைத்துவிட்டார். காரோ சலவை இயந்திரமோ, எது வந்தாலும் அவருக்குப் பொட்டு வைக்கவேண்டும். காகிதம் ஈரம் குடித்துச் சுருங்கியிருந்தது.

"என்னப்பா செய்தனீங்கள்?"

"புதுச் சாமானெல்லோ. நாவூறு படக்கூடாது."

தொலைபேசியில் மகளை அழைத்துக் காட்டினேன். அவள் திரைக்குக் கிட்ட வந்து பொட்டைப் பார்த்தாள்.

"துடையாதேங்கோ, கிழிஞ்சிடும். இதை அங்க வைக்கேலாது. வேற ஒண்டு செய்யவேணும்."

"அப்ப நீ வாறது?"

"இப்ப ஏலாதம்மா. கண்காட்சி பங்குனி வரைக்கும் நடக்கும். கடைசியிலயாவது கொண்டு வாறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரைக் கிழிகிழியென்று கிழிக்க வாயெடுத்தேன். அவர் தொலைபேசிக்குக் கிட்ட வந்தார்.

"நீ யப்பானுக்கு வெளிக்கிட்ட அண்டைக்கு நான் வேலையில நிண்டிட்டன். உனக்குப் பொட்டு வைச்சு அனுப்பேல்லை."

பிள்ளை எங்கே பயணம் போனாலும் நெற்றியில் சந்தனம் வைத்துத்தான் அனுப்புவார். அன்றுமட்டும் வைக்கவில்லை. அது மனதில் கிடந்ததை இவ்வளவு காலமும் இந்த மனிசன் என்னிடம்கூடச் சொன்னதில்லை.

"பங்குனியில வரேக்க வையுங்கோவன் அப்பா" என்றாள் மகள்.

கூட்டை அவளுடைய அறையில் தொங்கவிட்டிருக்கிறோம். பின்னேரங்களில் இவர்தான் போய் விளக்கைப் போடுவார். நானும் பின்னால் போய் நிற்பேன். வெளிச்சத்தில் பொட்டு நன்றாகவே தெரிகிறது. பிள்ளையின் நெற்றியைத்தான் காணவில்லை.