வில்மர் வகை பிரிக்கும் பயணிகள்

காலணியில் தொடங்கி மெல்ல மேலே ஏறும் வில்மரின் பார்வை. மலையூரான வாராஸின் பேருந்து நிலையத்தில் தன் விடுதிக்கு ஆள் பிடிக்க நிற்பவன், லிமா வண்டி வந்து நின்றதும் முகங்களைப் பார்ப்பதில்லை. சேறு படிந்த பூட்ஸும் கயிறும் என்றால், சிகரக் கிறுக்கு. வேறு ஊரில் வாங்கிய கம்பளிக் குல்லாய் என்றால், ஆன்மாவைத் தேடி வந்தது. படியிறங்கும் முன்பே வைஃபை கேட்டால், மடிக்கணினியோடு ஊர் சுற்றும் சம்பளக்காரன். முதுகுப்பையை நெஞ்சில் கட்டியிருந்தால், வீட்டை விட்டு முதல்முறை வெளியே வந்த பிள்ளை. வகைக்கொரு பேச்சை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். அவன் சரியான பேச்சைத் தேர்ந்தெடுப்பதற்குள் ஆள் வேறொருவரோடு போய்விடும்.

படித்தது புள்ளியியல் பொறியியல். நிலையத்தில் எல்லோருக்கும் அவன் "இன்ஜினியர்"தான். மரியாதைக்காக இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

அம்மா தோனாதிலா வகை எதுவும் பிரித்ததில்லை. எதிர்ப்பட்ட பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பாள். "பை போற எடத்துக்கு ஆளு வராம எங்க போவும்?" என்பாள். அவள் இறந்து மூன்று மாதமாகிறது. வீட்டில் ஐந்து அறைகளை வில்மர் வாடகைக்கு விடுகிறான். ஆறாவது, அவள் படுத்த அறை, பூட்டியே கிடக்கிறது.

"விடுதி நடத்துறியா, மியூசியம் நடத்துறியா?" லிமாவிலிருந்து அக்கா நில்டா போனில் கத்துவாள். "அந்த ரூமத் தொற. இல்லன்னா வீட்ட வித்துடலாம்."

"அந்த ரூமுக்கு ஏத்த வகை இன்னும் வரலக்கா."

"வகையாம் வகை! போடா."

ஜூன் மாதச் சனிக்கிழமை. ஐந்து அறைகளும் சிகரக் கிறுக்கர்களால் நிறைந்துவிட்டன. ஆனாலும் கால் நிலையத்துக்கே போனது. சக்கரப் பெட்டியோடு ஓர் அம்மாள் இறங்கினாள். செருப்பில் சேறில்லை, தலையில் குல்லாயில்லை. ரொசாரியோ என்ற தூரத்து ஊரிலிருந்து வருகிறாளாம், பெயர் கிராசியேலா.

"மலை ஏறவாம்மா?"

"இல்ல."

"மன அமைதிக்கு?"

"இல்லப்பா."

"வேலை விஷயமா?"

"தூக்கம் வருதுப்பா."

பக்கத்து விடுதிக்கு ஆள் பிடிக்கும் சொராய்தா விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்ஜினியரே, இதுக்கு ஒரு வகை போட்டு வச்சிருக்கியா? எங்க வீட்ல நிக்கக்கூட எடமில்ல. நீயே கூட்டிட்டுப் போ."

"எங்க வீட்லயும்..." என்று ஆரம்பித்தான். அந்த அம்மாள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒரு ரூம் இருக்கு," என்றான் வில்மர். வேறு யாரோ சொன்னதுபோல் அவனுக்கே கேட்டது.

ஆறாவது அறையின் பூட்டு முரண்டு பிடித்துத்தான் திறந்தது. ஜன்னலைத் தள்ளித் திறந்தான். புதுப் போர்வை விரித்தான். அவன் பழைய போர்வையைச் சுருட்டுவதற்குள் கிராசியேலா படுத்துத் தூங்கியே போனாள். ஆணியில் அம்மாவின் தொப்பி தொங்கியது. விருந்தாளி அறையில் அதை விட்டுவைக்க முடியாது. கை நிறையப் போர்வை. தொப்பியை எடுத்துத் தன் தலையில் கவிழ்த்தான். அது காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. அப்படியே சமையலறைக்குப் போய், விருந்தாளி எழுந்ததும் குடிக்க, மலைக்காற்று பழகாதவர்களுக்குக் கொடுக்கும் கோகா இலைத் தண்ணீரைக் கொதிக்க வைத்தான்.