மூடி சாத்தப்பட்டது

அப்பாவின் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்த நாளிலிருந்து எனக்கு ஒழுங்கான தூக்கமே இல்லை. தோளுக்குக் கீழே தோலுக்கடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மேடு. அதுதான் அவர் இதயத்தைத் தட்டி ஓட வைக்கிறது. முதலில் நன்றாகத்தான் இருந்தார். பிறகு தலைசுற்றல் வந்தது, படுத்தால் நெஞ்சு படபடக்கிறது என்றார். ஆஸ்பத்திரியில் கருவியைச் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று அனுப்பிவிட்டார்கள். சரியென்றால் ஏன் சுற்றுகிறது? கேட்டால் எவருக்கும் தெரியவில்லை. அவர் குளியலறைக் கதவைத் தாழிட்டாலே எனக்குக் குலை நடுங்கும். இரவில் எழுந்துபோய் அவர் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன்.

அவரைத் தனியே விட மனமில்லாமல்தான் புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையின் கணினி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கத் தொடங்கினேன். அதற்காக ஒரு பழைய மடிக்கணினி வாங்கி லினக்ஸ் போட்டேன். எல்லாம் ஓடியது, திரை வெளிச்சத்தைக் கூட்டும் விசை மட்டும் வேலை செய்யவில்லை. சனியனோடு மல்லுக்கட்டி அலுத்துப்போனேன். விசையை அழுத்தியதும் கணினிக்குள்ளேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை நிரல் லினக்ஸுக்குத் தகவல் சொல்ல வேண்டும். சொல்கிறதா இல்லையா என்று பார்க்க, அது அனுப்பும் ஒவ்வொரு தகவலும் என் மேசைக் கணினியில் வரியாக விழும்படி செய்தேன்.

அன்று மதியம் நான் மேசைக் கணினி முன்னால் உட்கார்ந்துகொண்டு, சாப்பாட்டு மேசையில் இருந்த மடிக்கணினியின் விசையை அப்பாவை அழுத்தச் சொன்னேன்.

"எதும்மா, சூரியன் படம் போட்டதா?"

"அதான்ப்பா. அமுக்குங்க."

அமுக்கினார். மடிக்கணினி பட்டென்று இருண்டு தூங்கிப்போனது.

"ஐயோ, நான் ஒண்ணும் செய்யலலா!"

எழுப்பி நானே அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அப்பா அழுத்தினார், மறுபடி இருண்டது. என் திரையில் வெளிச்சத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. 'மூடி சாத்தப்பட்டது' என்றுதான் விழுந்திருந்தது. மூடியோ ஆவென்று திறந்து கிடந்தது.

மூடியை யாரும் சாத்தாமல் இந்தத் தகவல் வர ஒரே வழிதான் உண்டு. மடிக்கணினியின் மூடிக்குள் ஒரு காந்தம் இருக்கும். அது விசைகளுக்குக் கீழே கைவைக்கும் இடத்தில் உள்ள உணரியை நெருங்கினால் சாத்திவிட்டதாக ஃபர்ம்வேர் எடுத்துக்கொள்ளும். அப்படியானால் வேறொரு காந்தம் அங்கே வந்து போகிறது.

அப்பாவின் வலது மணிக்கட்டைப் பார்த்தேன். கறுப்பு மணி வளையம். ஊரில் பாதிப் பேர் கையில் கருங்காலி கிடக்கிறது, இதுவும் அதுதான் என்று இத்தனை நாள் விட்டிருந்தேன்.

"இது கருங்காலிதானேப்பா?"

"இல்லம்மா, காந்தம். பெம்பான் பாசார் மாலாம்ல, அந்த ராத்திரிச் சந்தையில வாங்கினேன். ஹார்ட்டுக்கு நல்லதுன்னான்."

அந்தக் கையை நெஞ்சில் பேஸ்மேக்கர் மேட்டின் மேல் வைத்துக்கொண்டுதான் அவர் தூங்குவார்.

"செக்கப்புக்கு இதோடதான் போனீங்களா?"

"எல்லாத்தையும் கழட்டச் சொல்வாங்களே. வீட்டுலயே வச்சிட்டுப் போனேன்."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். காந்தம் கிட்டே வந்தால் கருவி தன் போக்கை மாற்றிக்கொள்ளும் என்றார் தாதி. "மொதல்ல அதக் கழட்டுங்க. அப்பாவ இப்பவே கூட்டிட்டு வாங்க."

கழற்றி எறிந்தேன். "வேற எங்கயாவது இருக்காப்பா?"

"இல்லம்மா." சொல்லும்போதே கண் அறைப்பக்கம் போய் வந்தது.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குள் போனேன். அதன் கைவைக்கும் முனையைக் கட்டில் பாய்மேல், போர்வைமேல், அலமாரித் துணிமேல் மெல்ல நகர்த்தினேன். இருண்டுவிடாதே, இருண்டுவிடாதே என்று வாய் முணுமுணுத்தது. தலையணைக்கு வந்ததும் இருண்டுவிட்டது. உறைக்குள் ஒரு தட்டையான காந்தப் பட்டை, கோணல்மாணலாகத் தைத்திருந்தார்.

"வளையம் வாங்கினதுக்கு ஃப்ரீயா குடுத்தான்மா."

"என்கிட்ட ஏன்ப்பா சொல்லல?" கத்திவிட்டேன்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். "நீ ராத்திரி ராத்திரி வந்து என் மூக்குக்கிட்ட விரல வச்சுப் பாக்குறல்ல. நான் முழிச்சுத்தான் இருப்பேன். எனக்கும் பயமா இருந்துச்சும்மா."

தலையணையை வாசலுக்கு வெளியே எறிந்தேன். கார்ச் சாவியை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் தடுமாறினேன். அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.