தகரத்தை விட்டுவிட்டுப் போக மனமில்லாதவர்கள்

தியேட்டர் தொழிலில் ஒரு வசதி உண்டு: படம் நன்றாக இருந்தால் எடுத்தவரைப் புகழ்வார்கள், மோசமாக இருந்தால் டிக்கெட் கொடுத்தவளைத் திட்டுவார்கள். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிறர் செய்த தப்புக்குப் பதில் சொல்லும் எந்த உத்தியோகத்தில் நீங்கள் இருந்தாலும் என் வலி உங்களுக்குப் புரியும். கேரள–தமிழ்நாடு எல்லையில் இருக்கும் பாறசாலைக்குப் பக்கத்தில், கொல்லயில் என்ற ஊருக்குப் போகும் வழியில் உள்ள ஒரு சின்னத் தியேட்டருக்கு நான் மேனேஜர்.

விண்வெளிக் கப்பல் படம் ஒன்றின் ஐந்தாம் பாகத்தை, முதலாளியிடம் மல்லுக்கட்டி நான்தான் எங்கள் தியேட்டருக்கு எடுக்க வைத்தேன். முதல் பாகத்திலிருந்தே எனக்கு அந்த வரிசை மேல் பைத்தியம். கப்பலை ஓட்டுபவள் ஒருத்தி, அவளோடு சுற்றும் பழைய ரிப்பேர் இயந்திரம் ஒன்று. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் தகரம். இந்தப் பாகத்தில், மற்றவர்கள் தப்பிப்பதற்காகத் தகரம் கப்பலின் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எல்லோரும் ஏறியதும் அது மட்டும் வெளியே மாட்டிக்கொள்ளும், கப்பல் கிளம்பிவிடும். அந்த ஒரு இடத்துக்காகவே நான் இதை எத்தனை முறையும் பார்ப்பேன். மற்றபடி படம் முழுக்க ஓட்டைதான், ஒத்துக்கொள்கிறேன்.

செத்தவன்

முதல் நாளே, திருப்புறத்திலிருந்து வந்த மரக்கடைக்காரர் ஒருவர் படம் முடிந்ததும் கவுண்டர் ஜன்னலுக்குள் தலையை நுழைத்தார். மூன்றாம் பாகத்தில் கப்பலோடு வெடித்துச் சிதறிய வில்லன் இதில் எப்படி முழுசாக வந்து நிற்கிறான் என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குத் தெரியாது. எடுத்தவர்களுக்கும் தெரியாது என்பது என் சந்தேகம். ஆறாம் பாகத்தில் சொல்வார்கள் என்று சமாளித்தேன். “அதிலயும் சொல்லேல்லன்னா நான் நேரா இங்கதான் வருவேன், கேட்டியா பிள்ளே.”

காலி நாற்காலி

சனிக்கிழமையும் பாதி அரங்கு காலி. ஞாயிறு காலை முதலாளி போன் செய்தார். வரும் வெள்ளிக்கிழமை பெரிய நடிகர் படம் வருகிறது, எல்லாக் காட்சியும் அதற்கே என்றார். படம் போவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். இங்கே எந்தப் படம் ஓட வேண்டும் என்று சொல்ல எனக்கிருந்த வாயும் அதோடு போய்விடுமே.

நீங்கள் இன்னும் படமே பார்க்கவில்லையே சார் என்றேன். “காலி நாற்காலியக் கண்டாச்சு, அது போதும். இனி எந்தப் படம் போடணும்ங்கது எனக்க காரியம், நீ டிக்கெட்டு மட்டும் குடு ஷீபா.”

இடைவேளை

வியாழனுக்குள் இந்த மனிதரைப் படம் பார்க்க வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். அதற்கு முன் கூட்டம் கலைவது ஏன் என்று தெரிய வேண்டுமே, அன்று மதியக் காட்சியில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். வெளிநாட்டுப் படங்களில் இடைவேளை கிடையாது, எங்கே நிறுத்துவது என்பது நம் கையில்தான் இருக்கிறது. எங்கள் ஆபரேட்டர் விஜயன் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்து நேர் பாதியில் நிறுத்துகிறவர். இந்தப் படத்தின் நேர் பாதியில், ஒரு கிழவர் கிரகங்களின் எல்லைத் தகராறு பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார். எல்லைத் தகராறு கேட்கப் பாறசாலைக்காரன் எதற்கு டிக்கெட் எடுக்க வேண்டும்? சாயா குடிக்கப் போனவர்களில் பல பேர் அப்படியே பஸ் ஏறிவிட்டார்கள்.

கப்பல் தகரத்தை விட்டுக் கிளம்பும் இடத்தில் நிறுத்துங்கள் என்றேன். முதல் பாதி நீண்டுவிடும், ஆட்கள் பாத்ரூமுக்கு எழுந்து எழுந்து மறைப்பார்கள் என்று அண்ணன் முறுக்கினார். நான் கேபின் வாசலை விட்டு நகரவில்லை. மாலைக் காட்சியில் அந்த இடத்தில் விளக்கு எரிந்தது. உடனே எல்லோரும் ஒன்றாகப் பேச ஆரம்பித்தார்கள். சாயா கிளாஸோடு வாசலில் நின்று தகரத்துக்காக வாதாடினார்களே தவிர, பஸ் பக்கம் யாரும் போகவில்லை. விஜயன் அண்ணன் இறங்கி வந்தார். “எப்பவும் பாதியில எழும்பிப் போற சுகர்காரன்கூட இன்னைக்கு எழும்பேல்ல.”

சத்தம்

திங்கள்கிழமை வந்தவர் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். காற்றே இல்லாத வெளியில் வெடிச் சத்தம் எப்படிக் கேட்கும், இதையெல்லாம் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் என்ன பாடம் எடுப்பது என்று என்னைப் பிடித்துக்கொண்டார். படத்தை எடுத்தது நானில்லை என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

புதன்கிழமை அதே டீச்சர் கணவரோடு வந்து இரண்டு டிக்கெட் கேட்டார். சிரிக்காமல் கொடுத்தேன், ஆனால் என் முகம் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். “அங்க சத்தம் கேக்காதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா தகரம் அவளக் கூப்பிட்டது எனக்குக் கேட்டுதே அக்கா.”

எந்த மொழி

எங்களிடம் ஒரு காட்சி தமிழில், அடுத்தது மலையாளத்தில் ஓடும். காரக்கோணத்தில் நர்ஸிங் படிக்கும் மூன்று பெண்கள் ஒன்றைப் பார்த்து முடித்த கையோடு அடுத்ததற்கும் வரிசையில் நின்றார்கள். ஒரே படம்தானே மக்கா என்று கேட்டுவிட்டேன். “தகரம் மலையாளத்தில பேசினாத்தான் அக்கா கண்ணு நிறஞ்சு கரச்சில் வரும். வில்லன் மிரட்டுகது தமிழிலயாக்கும் கேக்க நல்லாயிருக்கும்.”

வியாழக்கிழமை

புதுப் படத்துக்குப் பேனர் கட்டுவதைப் பார்க்க முதலாளி வந்தார். நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போகும் வழி, வெள்ளை வேட்டியில் இருந்தார். கூட்டத்தை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்கள் சார் என்று உள்ளே தள்ளாத குறையாகக் கூட்டிப்போனேன். நேரம் பார்த்துத்தான் கூட்டிப்போனேன். தகரம் கதவைப் பிடித்திருந்தது. அவர் நின்றபடியே பார்த்தார்.

இடைவேளையில் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறாமல் நின்றார். கப்பலை ஓட்டுபவள் திரும்பி வந்து தகரத்தை எடுத்துக்கொள்வாளா என்று மெதுவாகக் கேட்டார். “கண்டாத்தானே தெரியும் சார்” என்றேன். இரண்டாம் பாதி முழுக்க உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில், இரண்டாம் முறையாக வந்திருந்த திருப்புறம் மரக்கடைக்காரர், வில்லன் செத்த கதையை அவர் காதில் ஓதிக்கொண்டிருந்தார். வெளியே வந்த முதலாளியின் கண் சிவந்திருந்தது, குரலில் மட்டும் கோபம். “செத்தவன் எப்படி வந்தான்னு கடைசி வரைக்கும் சொல்லேல்ல பாத்தியா. செரி, நாளைக்குக் காலத்த மொத ஷோ இதுக்கே இரிக்கட்டு. ஆறாம் பாகம் வந்தா எனக்கிட்ட கேக்க வேண்டாம், நீயே எடுத்துக்க.”

செத்தவன் எப்படி வந்தான் என்று என்னிடம் சண்டை போடுவதற்காகவே ஆட்கள் டிக்கெட் எடுக்கிற வரைக்கும், இந்தப் படத்தை நான் திரையிலிருந்து இறக்கப் போவதில்லை.