நூற்றுப் பன்னிரண்டாவது கையெழுத்து

புளிங்கரை ஊராட்சியின் நாலாம் வார்டில் கிராமசபைக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பருப்புவடை தின்கிறவர்கள் ஒரு வகை, வடையைத் தின்றுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இன்னொரு வகை. ஊரே சேடத்தி, அதாவது அக்கா, என்று கூப்பிடுகிற சோசம்மா இந்த இரண்டிலும் சேராதவள். வருவாள், முன் பெஞ்சில் உட்காருவாள், நன்றியுரை முடிகிற வரை எழுந்திருக்க மாட்டாள். அந்த வார்டில் நன்றியுரையை முழுசாகக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். அதனால் நன்றி சொல்கிறவர்களும் அவளைப் பார்த்தே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

அறுபத்தொரு வயது. படிப்பு ஐந்தாம் வகுப்பு. புருஷன் பத்ரோஸோடு சேர்ந்து நாற்பது வருஷம் குட்டநாட்டு வயல் வயலாக வாத்து மேய்த்தவள். ஆயிரம் வாத்தில் ஒன்று குறைந்தாலும் கூட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள் என்பார்கள். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் ஊராட்சியின் வரவுசெலவுப் புத்தகத்தையும் படிப்பாள். மதிப்பீடு என்றால் செய்யப்போவதாகச் சொன்னது, திருத்திய மதிப்பீடு என்றால் செய்யாமல் விட்டது. இந்த ஞானம் அவளுக்கு வர ஆறு வருஷம் பிடித்தது.

எல்லாம் ஒரு பாலத்தால் வந்த வினை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் பள்ளிக்கூடம், டீக்கடை, சர்ச், பஸ். அந்தப் பக்கம் பதினோரு வீடு. முன்பெல்லாம் வீட்டுக்கு ஒரு வள்ளம், சின்னப் படகு, கட்டிக் கிடக்கும். பிறகு ஊராட்சி ஒரு பாலம் போட்டது. முப்பதடி நீளம், இரண்டடி அகலம், ஒற்றைக் கான்கிரீட் பலகை. "கைப்பிடி ரெண்டாம் கட்டத்துல வரும்" என்று இன்ஜினியர் சொல்லிவிட்டுப் போனார். திறப்பு விழாப் பாயசம் செரிப்பதற்குள் பதினோரு வீட்டுக்காரர்களும் வள்ளத்தை விற்றுவிட்டார்கள். பாலம் வந்த பிறகு வள்ளம் எதற்கு என்ற புத்தி பதினோரு மண்டைக்கும் ஒரே வாரத்தில் உதித்தது. வாங்கினவன் மட்டும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு போனான்.

மூன்றாவது மழைக்காலத்தில் பத்ரோஸ் சைக்கிளில் மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு அந்தப் பலகையில் வழுக்கினார். நாற்பது வருஷம் வரப்பிலும் சேற்றிலும் சறுக்காத மனுஷன். தண்ணீரில் விழுந்திருந்தால் நீந்தி வந்திருப்பார், விழுந்தது பலகையின் விளிம்பில். இடுப்பில் தகடு வைத்தார்கள், கையில் கம்பு கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் பாலத்தில் கால் வைக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்து வாங்க, காலையில் போகிற கள்ளு வள்ளத்தில் ஏற்றிவிடுவார்கள். மற்ற நாளெல்லாம் அக்கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எதிர்க்கரை டீக்கடையில் கூட்டாளிகள் 'இருபத்தெட்டு' என்கிற சீட்டாட்டம் ஆடுகிற சத்தம் மட்டும் வரும். யார் துருப்பை மறைத்து வைத்திருக்கிறான் என்று அங்கிருந்தே கத்துவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

சோசம்மா ஆறு வருஷமாகக் கேட்டது ஒன்றே ஒன்று. அந்தப் பலகைக்கு இரண்டு பக்கமும் இரும்புக் கைப்பிடி. யாரும் முடியாது என்று சொல்லவில்லை, அதுதான் கொடுமை. "நியாயம்தானே சேடத்தி" என்பார்கள். ஆனால் கிராமசபையில் முதலில் ஆட்டுக்குட்டி விண்ணப்பம், அடுத்து கோழி, அடுத்து தென்னங்கன்று. விண்ணப்பம் கைக்கு வந்ததும் சபை கலைந்துவிடும். வார்டுக்கு என்ன வேலை முதலில் வேண்டும் என்று கை தூக்குகிற நேரத்தில் ஒன்பது பேர் இருப்பார்கள். அதில் எட்டுப் பேர் தங்கள் வீட்டுச் சாக்கடைக்காக வந்தவர்கள். கைப்பிடிக்கு ஒரு கை. பதிவேட்டிலோ நூற்றைம்பது கையெழுத்து இருக்கும், பாதி மறுநாள் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய் வாங்கியது.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் அவள் மாவட்டத்துக்கு மனு எழுதினாள். நம்புங்கள், அதற்குப் பதில் வந்தது. மூன்று உத்தரவு. கையெழுத்து சபை நடக்கிற இடத்தில்தான் போட வேண்டும். கடைசி வரை இருப்பவர்களை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். பதிவேடு பொறுப்பு அதிகாரியின் கையை விட்டு எங்கும் போகக்கூடாது. சோசம்மா அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். ஊர் அவளை மூன்று மாதம் திட்டித் தீர்த்தது.

அடுத்த கிராமசபை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. வார்டின் ஓட்டு ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு, பத்தில் ஒரு பங்கு, அதாவது நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தால்தான் சபை சபையாகும். ஐந்து மணிக்குப் பதிவேட்டை மூட வேண்டும், மறுநாள் காலை பட்டியல் மாவட்டத்துக்குப் போக வேண்டும். இந்தத் தடவை சோசம்மா வார்டு மெம்பர் விலாசினியிடம் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொண்டாள்.

"மெம்பரே, ஆட்டு விண்ணப்பத்தைக் கடைசியில குடு."

"ஜனங்க என்னைக் கொன்னுடுவாங்க சேடத்தி."

"கொல்லட்டும். கொல்லவாவது கடைசி வரைக்கும் உக்காந்திருப்பாங்கல்ல?"

விலாசினிக்கு அது சரியென்று பட்டது. அவளும் இரண்டு தடவை ஆளில்லாத பெஞ்சுகளுக்கு வரவேற்புரை வாசித்தவள்தான்.

ஆனால் கேடு காலம் எப்படியும் வழி கண்டுபிடித்து வரும். அன்றைக்குச் சங்கனாசேரியில் ஒரு கல்யாணம். பாதி வார்டு காலையிலேயே பஸ் பிடித்துப் பிரியாணிக்குப் போய்விட்டது. மிச்சத்தில் வந்த கூட்டம் பள்ளிக்கூட பெஞ்சில் நெருக்கியடித்துக்கொண்டு, விண்ணப்பம் எப்போது வரும் என்று முணுமுணுத்தது. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பொறுப்பு அதிகாரி சஜீவ் எண்ணி முடித்தார். அவர் கால்நடை மருத்துவமனை ஊழியர், இடுக்கி மலைக்காரர், தண்ணீரை டம்ளரில் மட்டும் பார்த்து வளர்ந்தவர். மூன்று தடவை எண்ணினார்.

"நூத்திப் பதினொண்ணு" என்றார். "ஒண்ணு குறையுது."

சோசம்மா திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. "எனக்கு வந்ததுமே தெரியும் சாறே" என்றாள்.

"ஒண்ணுதானே? எழுதுங்க சாறே, யாரு பாக்கப்போறா?" என்று பின்பெஞ்சிலிருந்து உதயப்பன் கத்தினான். இரண்டு ஆட்டுக்கு மனுப் போட்டிருந்தவன். "சேடத்தி, உன் வீட்டுக்காரரு பேரைப் போட்டு நீயே கையெழுத்துப் போடேன். ரேஷன் கடையில நீதானே போடுறே?"

போடுகிறவள்தான். பத்ரோஸின் கையெழுத்து பத்ரோஸைவிட அவளுக்கு நன்றாக வரும். விலாசினி பேனாவை எடுத்து அவள் கையில் வைத்தாள். "போட்டுடு சேடத்தி. யாரும் பேச மாட்டாங்க. நூத்திப் பதினொரு பேரு இருக்காங்க, எல்லாரும் இன்னைக்கு உனக்குத்தான் கை தூக்குவாங்க. இப்ப விட்டா அடுத்த வருஷம்."

பேனா பதிவேட்டின் மேல் நின்றது. அடுத்த வருஷம் என்றால் இன்னொரு மழைக்காலம். அந்த நாற்காலியின் கால் இப்போதே மண்ணில் நாலு விரல் புதைந்திருந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பொய்யில்லை, 'ப' என்ற எழுத்தின் முதல் கோட்டை இழுக்கக் கையை அசைத்துவிட்டாள்.

"அப்படிப் போடு!" என்று உதயப்பன் கைதட்டினான். "நாங்க போட்டா மாவட்டத்துக்கு மனு, நீ போட்டா மாதாவோட அருளு!"

பெஞ்செல்லாம் சிரித்தது. சோசம்மா பேனாவை மூடி மேஜையில் வைத்தாள்.

"அவன் சொல்றது சரி" என்றாள். "நான் போட மாட்டேன்."

எழுந்து வெளியே போனாள். எல்லாம் முடிந்தது என்று உதயப்பன் செருப்பைத் தேடினான். அவள் பள்ளிக்கூட வாசலை ஒட்டிய வாய்க்கால் ஓரம் நின்று அக்கரையைப் பார்த்துக் கத்தினாள்: "ஏ மனுஷா! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வர முடியுமா?"

பத்ரோஸ் மைக்கில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கம்பை ஊன்றி எழுந்தார். பலகையில் வலது காலை வைத்தார். இடது கை பக்கவாட்டில் நீண்டு எதையோ தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"முடியலடி" என்றார். "பயமா இருக்கு."

வாசலில் திரண்டிருந்த அத்தனை பேர் முன்னால் ஓர் ஆண்பிள்ளை அப்படிச் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. அக்கரைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தினமும் தலையில் புல்லுக்கட்டோடு கர்த்தரை விளித்துக்கொண்டு அதைக் கடக்கிறவர்கள் அவர்கள்.

சோசம்மா மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்திருந்த மெம்பரிடம் திரும்பினாள். "மெம்பரே, சபை எங்க நடக்கணும்னு சொல்றது யாரு?"

"தலைமை நான்தானே, நான்தான்."

"அப்ப மாத்து. சபை வாய்க்கால் கரையில நடக்குது. ரெண்டு கரையிலயும்."

சஜீவ் பதிவேட்டைப் புரட்டினார், உத்தரவைப் புரட்டினார். இரண்டு கரையில் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. விலாசினி மைக்கை வாசலுக்கு இழுத்து, ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சபை இடம் மாறியதாக அறிவித்தாள். பெஞ்சோடு ஜனம் கரைக்கு வந்தது. இக்கரையில் நூற்றுப் பதினொரு பேர், அக்கரையில் ஒருவர்.

"சரி" என்றார் சஜீவ். "யாராவது அக்கரைக்காரங்க இந்தப் பதிவேட்டை எடுத்துட்டுப் போய் அவர்கிட்ட..."

"பதிவேடு அதிகாரி கையை விட்டுப் போகக்கூடாது சாறே" என்றாள் சோசம்மா. "மூணாவது உத்தரவு."

சஜீவ் அவளைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார். நாலு நிமிஷம்தான் இருந்தது. செருப்பைக் கழற்றினார், வேட்டியை மடித்துக் கட்டினார், தோளில் பையை மாட்டி, பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பலகையில் ஏறினார்.

பத்தடி வரைக்கும் நன்றாகத்தான் போனார். நடுவில் ஒரு தடவை கீழே பார்த்துவிட்டார். அப்படியே நின்றுவிட்டார். இடது கை மெதுவாகப் பக்கவாட்டில் நீண்டு, விரல்களை விரித்து, காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்தது. ஒரு தடவை பிடித்தது, ஒன்றுமில்லை. இன்னொரு தடவை பிடித்தது.

அதே கையைத்தான் கரையில் இருந்தவர்கள் சற்று முன் அக்கரையிலும் பார்த்திருந்தார்கள்.

"உக்காந்துடுங்க சாறே!" என்று பத்ரோஸ் கத்தினார். "வெக்கப்படாதீங்க, உக்காந்து நகருங்க!"

சஜீவ் உட்கார்ந்தார். அரசு ஊழியர் ஒருவர், அரசாங்கப் பதிவேட்டை வாயில் கவ்விக்கொண்டு, அரசாங்கம் கட்டிய பாலத்தை உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்துக் கடந்தார். ஐந்து மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது பத்ரோஸ் கையெழுத்துப் போட்டார். அவசரமே படவில்லை, தகப்பன் பேரையும் சேர்த்து எழுதினார்.

விலாசினி மைக்கில் கேட்டாள்: "நாலாம் வார்டின் முதல் வேலை, பாலத்துக்குக் கைப்பிடி. ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

எல்லாக் கையும் உயர்ந்தது. உதயப்பன் இரண்டு கையையும் தூக்கினான். அவன் ஆட்டு விண்ணப்பம் அக்கரையில் சஜீவ் சாறின் பைக்குள் இருப்பது அவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்திருந்தது. பத்ரோஸ் கம்பைத் தூக்கினார். பதிவேட்டில் ஒன்றாம் இனமாக அதை எழுதும்போது சஜீவின் கையெழுத்து கோழி கிறுக்கியதுபோல் இருந்தது. எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார். இரண்டாவது கோட்டை யாரும் கேட்கவில்லை.

பிறகு நன்றியுரை. சோசம்மா இக்கரையில் பெஞ்சில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டாள். அவளால் பெஞ்சை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள் வடைத் தட்டை அவள் பக்கம் தள்ளிவைத்தார்கள்.

அக்கரையில் சஜீவ் பாலத்தருகே வந்து நின்றார். பலகையைப் பார்த்தார். பத்ரோஸிடம் திரும்பி வந்தார்.

"அச்சாயா, இந்தப் பக்கம் வள்ளம் ஏதாவது இருக்கா?"

"பாலம் வந்ததும் வித்துட்டோம் சாறே."

"வேற?"

"கள்ளு வள்ளம் வரும். காலையில ஆறு மணிக்கு."

பத்ரோஸ் கம்பை ஊன்றி நகர்ந்து, நாற்காலியை மண்ணிலிருந்து பிடுங்கித் துடைத்து அவர் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்க சாறே" என்றார். "பழகிடும்."