ஈசானியம் பார்த்த டிஷ்

சங்கரன்கோவிலில் யார் வீட்டு டிவியில் படம் உறைந்து நின்றாலும் வசவு எனக்குத்தான் விழும். கடை என் பெயரில் இருக்கிறது. ஜெஸ்லின் டிஷ் சர்வீஸ். மாடி ஏறுவது என் வீட்டுக்காரர் சாம்சன், போன் எடுப்பது நான். "என்னம்மா கடை நடத்துதிய, சீரியல்ல அழுதவ மூஞ்சி கட்டம் கட்டமா உடைஞ்சு போச்சு" என்று காலங்காத்தாலேயே ஆரம்பிப்பார்கள். போய்ப் பார்த்தால் டிஷ் கம்பியில் ஈரப் போர்வையைக் காயப் போட்டிருப்பார்கள். இன்னொரு வீட்டில் டிஷ்ஷுக்குள்ளேயே கூழ்வற்றல் பிழிந்து வைத்திருந்தார்கள். வட்டமாக, வெள்ளையாக, தட்டு மாதிரி இருக்கிறதாம்.

மொட்டைமாடி என்றால் நிலாவும் காற்றும் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் இவரோடு போய் ஏறிப் பார்க்க வேண்டும். புறாப் பீ, காக்கா போட்ட மீன்முள், பழைய மெத்தை, குழாய்க்குள் செத்துக் கிடக்கிற எலி. டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்கிற மூக்கில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். அதற்குள் புழு நெளியும். இவர் அதை விரலால் தோண்டி எடுப்பார். சட்டையைத் துவைக்கிறவள் நான் என்பதால் எனக்குத்தான் குமட்டும். கீழே இறங்கி வந்து தண்ணீர் கேட்டால் மாடிப் பைப்பைக் காட்டுகிற மகராசிகளும் உண்டு.

இதற்கெல்லாம் சாம்சன் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும். சொல்ல மாட்டார். யார் என்ன கோளாறு செய்து வைத்திருந்தாலும், "காத்துக்குத் திரும்பியிருக்கும், சரி பண்ணியாச்சு" என்பார். வற்றல் போட்ட வீட்டிலும் அதைத்தான் சொன்னார். வற்றலுக்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

"ஏட்டி, அவுக பிள்ளைய முன்னால அந்தம்மாவ அசிங்கப்படுத்தச் சொல்லுதியா?" என்றார்.

இப்படிப்பட்ட மனுசனுக்குத்தான் திருடன் என்று பெயர் வந்தது.

எங்கள் கடைக்கு அடுத்த தெருவில் ஆறுமுகச்சாமி அண்ணாச்சி வீடு. சேலை வியாபாரம், தெருவில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர்தான் முன்னால் நிற்பார். தெரு வாட்ஸ்அப் குரூப்புக்கும் அவர்தான் அட்மின். அவர் வீட்டில் எல்.என்.பி. செத்துப்போய் டிவி நின்றது. சாம்சன் போய்ப் புதிதாக ஒன்றை மாட்டி, பழசைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். அண்ணாச்சி வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறார். அன்று முழுக்க டிவி பளிச்சென்று ஓடியது. மறுநாள் காலையில் டிவியைப் போட்டால் திரையில் சிக்னல் இல்லை என்று வந்து நின்றது.

வேறு யாராக இருந்தாலும் கடைக்குப் போன் போட்டுத் திட்டியிருப்பார்கள். அண்ணாச்சி குரூப்பில் போட்டார். எங்கள் கடைக் கார்டில் இருந்த சாம்சன் படத்தைப் போட்டு, அதற்குக் கீழே, 'இவன் மாடியில் நல்ல சாமானைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். வீட்டில் ஏற்றாதீர்கள்' என்று எழுதியிருந்தார். ஒருத்தி விடாமல் கை கூப்பிக் கும்பிட்டு நன்றி சொல்லியிருந்தார்கள்.

எங்கள் தொழிலில் இது சாதாரணப் பேச்சு அல்ல. ஆம்பிளைகள் வேலைக்குப் போன பிறகு, பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்குள் நுழைந்து, படுக்கை அறையைத் தாண்டி மாடிக்குப் போகிற வேலை இது. அந்த மனுசன் பேரில் சந்தேகம் வந்துவிட்டால் கேட்டைத் திறக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு எவ்வளவு வேலை தெரிந்து என்ன பிரயோசனம்?

சாம்சன் அன்றைக்கே போனார். அண்ணாச்சி தன் சேலைக் கடையில் இருந்தார். வீட்டில் அவர் மனைவி தங்கத்தாய் மட்டும். இவர் மாடி ஏறிப் பார்த்தால், தென்கிழக்கே பார்க்க வேண்டிய டிஷ் வடகிழக்கே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பக்கத்தில் எந்தச் சேட்டிலைட்டும் கிடையாது. டிஷ் நடுவில் குங்குமப் பொட்டு. கம்பியில் மஞ்சள் நூல்.

பின்னாலேயே ஏறி வந்த தங்கத்தாய் அழ ஆரம்பித்துவிட்டாளாம்.

"தம்பி, எங்க வீட்டு அவுகளுக்குத் தெரிஞ்சா என்னைய வெட்டிப் போட்டுருவாக. எம் மக ப்ரியதர்ஷினிக்கு வார வரனெல்லாம் தட்டிப் போகுதுல்லா? இன்னைக்குக் காலையில அவுக கோயிலுக்குப் போனப்ப வாஸ்து பாக்கிறவர வரச் சொன்னேன். உங்க டிஷ் அக்கினி மூலையப் பாத்து வாயப் பொளந்துகிட்டு நிக்கி, அதான் கல்யாண யோகத்த எரிச்சுருதுன்னாரு. அவரே ஏறி ஈசானியத்துக்குத் திருப்பி விட்டாரு. கல்யாணம் முடியிற வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதாம், சொன்னா பலிக்காதாம்."

"திருப்பினா டிவி வராதேக்கா."

"அத அவரு சொல்லலையே தம்பி!"

அண்ணாச்சிக்கு ஜோசியம், வாஸ்து எல்லாம் ஆகாது. முன்பு ஒரு தடவை அதே வாஸ்துக்காரரை வாசலோடு விரட்டியவர். அவர் காதுக்குப் போனால் வீட்டில் ரகளைதான். மகள் கல்யாணம் தட்டிப்போனால் அந்தப் பழியும் தங்கத்தாய் தலையில்தான் விழும். அவள் இவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறாள்.

"கல்யாணம் மட்டும் முடியட்டும் தம்பி. மறுநாளே நானே அவுககிட்ட உண்மையச் சொல்லி, உங்க பேரச் சரி பண்ணிக் குடுக்கேன். எம் பிள்ள மேல சத்தியம்."

இந்த இடத்தில் வேறு எந்த ஆம்பிளையாக இருந்தாலும் போனில் ஒரு போட்டோ எடுத்திருப்பான். மஞ்சள் நூலையும் பொட்டையும் குரூப்பில் போட்டால் ஒரே நிமிடத்தில் கதை முடிந்தது. என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? கடைக்கு வந்து எங்களிடம் கிடந்த பழைய டிஷ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார். அதை அண்ணாச்சி வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைவாக நட்டு, தென்கிழக்கே திருப்பி, அதிலிருந்து வயரை இழுத்து விட்டார். அண்ணாச்சிக்கு முழங்கால் வலி, மாடி ஏற மாட்டார். ஈசானியம் பார்த்த டிஷ் பொட்டு வைத்துக்கொண்டு சும்மா நின்றது. தொட்டிக்குப் பின்னால் ஒளிந்த டிஷ் டிவி காட்டியது.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த அண்ணாச்சி டிவி ஓடுவதைப் பார்த்தார். குரூப்பில் அடுத்த செய்தி வந்தது. 'பயந்துபோய்த் திருடியதைக் கொண்டுவந்து மாட்டிவிட்டான்.'

வேலை செய்து கொடுத்ததே சாட்சியாகிப் போச்சே! நானே குரூப்பில் எழுதுகிறேன் என்று போனை எடுத்தேன்.

"வேண்டாம் ஜெஸ்லின். அந்தப் பிள்ள கல்யாணம் முடியட்டும். அந்தக்கா சத்தியம் பண்ணியிருக்காவ."

"அவ சத்தியத்த நீங்க நம்புதிய. உங்கள ஊருல எவன் நம்புதான்?"

"அவுகளுக்கு உண்மை தெரியாதுல்லா. தெரியாம பேசுறவுகள என்ன சொல்ல?"

த்தூ என்று வந்தது எனக்கு. யார்மேல் துப்புவது? பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிற இந்த மனுசன்மேல் துப்ப மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் போன் அடிக்கிற விதமே மாறிவிட்டது. "வேற ஆளு இருந்தா அனுப்புங்க" என்பார்கள். இருக்கிறது ஒரே ஆள் என்றால், "அப்ப வேண்டாம்" என்று வைத்துவிடுவார்கள். ஒரு வீட்டில் இவரை மாடிக்கு அனுப்பிவிட்டுப் பின்னாலேயே ஒரு பெரியவரைக் காவலுக்கு ஏற்றினார்கள். இறங்கும்போது பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். இவர் ஸ்பானர், கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தரையில் எடுத்து வைத்துக் காட்டிவிட்டு வந்தார். அதையும் வந்து என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். வர வர உள்ளூரில் வேலை இல்லை. பனவடலிசத்திரம், கரிவலம்வந்தநல்லூர், ராயகிரி என்று பைக்கில் அலைந்தார்.

ப்ரியதர்ஷினிக்கு வரன் அமைந்தது. நல்ல இடம். கல்யாண வீட்டில் பெரிய திரை கட்டி, டிவி வேலைக்குத் தென்காசியிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள். நகை கிடக்கிற வீடு, யாரை ஏற்றுகிறோம் என்று பார்த்து ஏற்ற வேண்டும் என்று தங்கத்தாயே நாலு பேர் முன்னால் சொன்னாளாம். என்னிடம் வந்து இதைச் சொன்ன தெருக்காரி, பாவம், அது என் நெஞ்சில் எங்கே தைக்கும் என்று அறியாமல்தான் சொன்னாள்.

கல்யாணம் முடிந்த மறுவாரம் தங்கத்தாயைக் காய்கறி மார்க்கெட்டில் பிடித்தேன்.

"அக்கா, அண்ணாச்சிகிட்டச் சொல்லிட்டியளா?"

அவள் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மக்கா, அவ இப்பதான மாப்பிள்ள வீட்டுக்குப் போயிருக்கா. வயித்துல ஒரு புள்ள உண்டாகட்டும். எதுக்கு இப்பப் போயி அதக் கிளறிக்கிட்டு?"

அந்தக் கத்தரிக்காயைப் பிடுங்கி அவள் மூஞ்சியில் எறிந்திருப்பேன். சாம்சனிடம் சொன்னபோது, "பொறு, சொல்லுவாவ" என்றார். எனக்கு இவர் பொறுமையும் அருவருப்பாகிவிட்டது. அழுக்குத் துணியைக் கட்டிலுக்கடியில் தள்ளுகிற மாதிரி எல்லாவற்றையும் பொறுமைக்கு அடியில் தள்ளிக்கொண்டே இருந்தால் வீடு நாறாதா?

போன வாரம் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அதே தெருவில் இருக்கிற பொன்செல்வியிடமிருந்து போன். கை சோற்றில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். குரூப்பில் அந்தச் செய்திக்கு முதல் கும்பிடு போட்டவள் அவள்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"மதினி, எங்க வீட்டு டிவி காலையிலருந்து வரல. அண்ணனக் கொஞ்சம் அனுப்பி விடுங்களேன்."

"என்ன செஞ்சிய?"

"ஒண்ணுமில்ல… என் தம்பிக்கு வேலை தட்டிப் போகுதுன்னு அந்த வாஸ்துக்காரர் வந்து டிஷ்ஷத் திருப்பிட்டுப் போனாரு. தங்கத்தாய் அக்கா வீட்டுல தொட்டிக்குப் பின்னால ஒண்ணு ரகசியமா வச்சுக் குடுத்தாகளாமே, அதே மாதிரி எங்களுக்கும் ஒண்ணு வச்சுக் குடுத்தா நல்லாயிருக்கும்."

நான் சோற்றிலிருந்து கையை எடுத்தேன்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அக்காதான் சொன்னாவ. கல்யாணம் முடிஞ்சதும் சொல்லலாமாம்லா. தெருவுல பொம்பளைய எல்லாருக்கும் தெரியும், மதினி. அண்ணாச்சிக்கு மட்டும்தான் தெரியாது."

"அப்ப எங்க வீட்டுக்காரரு திருடலைன்னும் தெரியும்?"

"ஐயோ, அவுக திருடுவாகளா? தங்கமான மனுசன்!"

"குரூப்புல ஒரு வார்த்தை போடலாம்ல?"

"அத எப்படிப் போட மதினி? அண்ணாச்சி தப்பாப் பேசிட்டாருன்னு ஆயிரும்லா? பெரிய மனுசன், சங்கடப்படுவாரு. அது பாட்டுக்குக் கெடந்துட்டுப் போகட்டும்" என்றாள். "அண்ணன் எப்ப வருவாக?"

நான் வாயைத் திறப்பதற்குள் சாம்சன் எச்சில் கையோடு குனிந்து போனுக்குப் பக்கத்தில் வந்தார்.

"நான் வரமாட்டேம்மா" என்றார்.

இத்தனை வருஷத்தில் இவர் வாயிலிருந்து யாருக்கும் அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. பொன்செல்வி இன்னும் என்னமோ சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத்தன நாளும் அவுக எல்லாரும் நெசம்னு நம்பித்தான் அப்படிச் சொல்லுதாகன்னு நெனச்சேன் ஜெஸ்லின்" என்றார்.

நான் போனை அணைத்தேன்.