கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு முக்கோணம்

காதல் கதை எழுதுகிறவள் என்று சொன்னால் ஜனங்கள் முதலில் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அடுத்து என் கணவர் எங்கே என்று தேடுகிறார்கள். அவர் வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருப்பார். அந்தத் தேடல் பார்வையில் எனக்குக் கோபமில்லை, ஏனென்றால் நானும் அந்த ரகம்தான். ஆசிரமம் பக்கத்துக் காபிக் கடையில் இரண்டு பேர் எதிரெதிரே பேசாமல் உட்கார்ந்திருந்தால், என்ன சண்டை என்று தெரியாமல் என்னால் எழுந்து வர முடியாது. அவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்றே தெரியாவிட்டாலும் இன்னொரு காபி சொல்லிவிட்டுக் காத்திருப்பேன்.

மாதம் ஒரு நாவல் எழுதுகிறேன். காலையில் எழுத்து, மத்தியானம் மற்றவர்கள் எழுதிய காதல் கதைகளைப் படிப்பது. இலக்கியக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். எனக்கென்று சில அபிப்பிராயங்கள் உண்டு. கதை முழுக்க நாயகி ஒரு வேளைகூட வயிறாரச் சாப்பிடவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை நான் நம்ப மாட்டேன். நாயகன் ஆறடி உயரம் என்று முதல் பக்கத்திலேயே அளந்து சொல்லிவிட்டால், எழுதியவருக்கு அவனைப் பற்றி வேறொன்றும் தெரியாது என்று அர்த்தம். மழையில் நனைகிற காட்சியைத் தாண்டிவிடுவேன். எங்கள் ஊரில் மழை வந்தால் யாரும் நின்று நனைவதில்லை, பக்கத்துக் கடைக்குள் ஓடுவார்கள். அங்கே ஒதுங்கிய இரண்டு பேர் இடத்துக்காக முறைத்துக்கொண்டால், அதை நான் இரண்டு தடவை படிப்பேன்.

இந்தப் புத்தகங்களுக்காக நான் போவது கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் வாடகை நூல் நிலையத்துக்கு. நடத்துகிறவர் ஒரு பாய். பௌர்ணமிக் கூட்டத்தில் ஊர் திணறும் நாளில்கூடத் திறந்து வைத்திருப்பார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மாத நாவல்களின் அட்டையும் தலைப்பும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். படித்ததையே மறுபடி எடுத்துப்போய் ஏமாறாமல் இருக்க, ஒவ்வொரு வாசகியும் உள்ளே பென்சிலால் தன் அடையாளம் ஒன்றைப் போட்டுவைப்பாள். ஒருத்தி பூ போடுவாள், ஒருத்தி நட்சத்திரம். பாய் அதைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். நான் போனதும் செய்கிற முதல் காரியம், என் புத்தகங்களைப் பிரித்து எத்தனை பூ, எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பது. வெட்கங்கெட்ட வேலைதான், ஆனால் விட முடியவில்லை.

போன வருஷம் ஒரு முக்கோணம் என் நிம்மதியைக் கெடுத்தது. மற்றவர்கள் எழுதிய புத்தகங்களில் அது கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்தது. என் புத்தகங்களில் மட்டும், கடைசி அத்தியாயம் தொடங்குவதற்கு முந்தைய பக்கத்தில். ஒன்றிரண்டில் மட்டுமல்ல, எடுத்துப் பார்த்த எல்லாவற்றிலும் அப்படித்தான். யாரோ ஒருத்தி படித்து நிறுத்திய இடத்தில் குறி போட்டு மூடிவிட்டிருக்கிறாள். பதிப்பாளர் என் பெயரை விற்பதே மனம் நிறையும் முடிவு என்று சொல்லித்தான். அந்த முடிவை ஒருத்தி வேண்டாம் என்று திருப்பித் தந்திருக்கிறாள் என்பது எனக்குத் தாங்கவில்லை. அந்த மாதத்து நாவலில் கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி. அவள் ஏன் மூடினாள் என்று தெரியாமல் என் கை ஓடவில்லை.

பாயிடம் கேட்டேன். வாடிக்கைக்காரர்களைப் பற்றி அவர் பேச மாட்டார் என்று தெரியும், இருந்தாலும் கேட்டேன். கையிலிருந்த புத்தகத்தை அடுக்கிவிட்டுச் சொன்னார்.

"புடிக்காம இல்லம்மா. உங்க புக்கு வந்தா மொத ஆளா வந்து எடுத்துனு போறது அவங்கதான். சனிக்கிழமை வருவாங்க, நீங்களே கேட்டுக்குங்க."

சனிக்கிழமை வந்தவர் ஒரு கணக்கு டீச்சர். அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பம், ஸ்கூட்டியில் வந்திருந்தார், என் வயதுதான் இருக்கும். பாய் என்னைக் காட்டி, இவங்கதான் எழுதறவங்க என்றார். டீச்சர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். முக்கோணம் அவருடையதுதான் என்று உடனே ஒப்புக்கொண்டார். கடைசி அத்தியாயம் அவ்வளவு மோசமா என்று கேட்டேன்.

"மோசம்னு இல்லைங்க. கல்யாணம் ஆனதும் உங்க பொண்ணு பேசறதே இல்லை. அதுவரைக்கும் வாய் ஓயாம பேசினவ. கடைசியில அவன்தான் பேசினே இருக்கான், இவ சிரிக்கிறா. அதான் அவ பேசினு இருக்கும்போதே மூடிடுவேன்."

மற்றவர்கள் கதையிலும் அப்படித்தானே, அவற்றை மட்டும் முடிவுவரை படிக்கிறீர்களே என்று விடாமல் கேட்டேன்.

"அதுல மொதல்லருந்தே பேச மாட்டா. எனக்கு நஷ்டம் ஒண்ணுமில்லை," என்றார் டீச்சர்.

வீட்டுக்கு வந்து என் புத்தகங்களைக் கட்டிலில் பரப்பினேன். டீச்சர் சொன்னது அத்தனையும் நிஜம். கடைசி அத்தியாயங்களில் என் பெண்கள் தலை குனிந்தார்கள், கண் கலங்கினார்கள், தோளில் சாய்ந்தார்கள். வாயைத் திறந்தவள் ஒருத்தியும் இல்லை. காரணமும் எனக்குப் புரிந்தது. மாத நாவலுக்குப் பக்கம் கட்டுப்பாடு உண்டு. கடைசியில் விளம்பரம் வந்துவிட்டால், முடிவில்தான் கத்தரிக்கோல் விழும். நாயகன் காதலைச் சொல்கிற இடத்தில் கை வைக்க முடியாது, வாசகிகள் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள் என்பார் பதிப்பாளர். அதனால் அவள் பேச்சுதான் போகும். போகப்போக, எப்படியும் வெட்டத்தானே போகிறார்கள் என்று நான் அதை எழுதுவதையே விட்டுவிட்டிருக்கிறேன்.

சரி, இந்தத் தடவை பேச வைக்கலாம் என்று உட்கார்ந்தால், கல்யாணமான மறுநாள் ஒரு பெண் என்ன பேசுவாள் என்று எனக்கு வரவேயில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்த கணவரிடம், கல்யாணமான புதுசில் நான் என்ன பேசினேன் என்று கேட்டேன்.

அவர் துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நீ எங்க பேசின? பொண்ணு ரொம்ப அமைதினு எங்க வீட்டுல எல்லாருக்கும் ஒரே சந்தோஷம்."

நான் அமைதியான பெண் இல்லை. எங்கள் அம்மா வீட்டில் என் சத்தம் தெருமுனைவரை கேட்கும். புகுந்த வீட்டில் அன்றைக்கு எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதை நினைத்தபோது கோபம் வந்தது, கூடவே எழுத்தும் வந்தது.

என் நாயகி பேசினாள். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னாள். திங்கட்கிழமை வேலைக்குப் போகப் போவதாகச் சொன்னாள். உன்னை எனக்குப் பிடிக்கும், ஆனால் உன் அண்ணன் என்னை வேலை ஏவுகிற விதம் பிடிக்கவில்லை என்றாள். பசிக்கிறது என்றாள். அவன் பதில் சொல்வதற்குள் அடுத்ததைத் தொடங்கினாள். பக்கம் போனதே தெரியவில்லை.

அனுப்பிய மறுநாள் பதிப்பாளர் போனில் வந்தார். நல்ல மனிதர், இத்தனை வருஷமாக என்னைத் தாங்கியவர். வழக்கம்போல மரியாதையாகவே பேசினார்.

"முடிவு நல்லாயிருக்குங்க. கொஞ்சம் ஜாஸ்தியா போயிடுச்சு. அந்தப் பொண்ணு பேசறதை எடுத்துட்டா பக்கத்துக்குச் சரியா வந்துடும்."

இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் அதுவரை நான் சொன்ன ஒரே பதில், சரிங்க சார்.

"அவன் பேசறதை எடுத்துடுங்க சார்," என்றேன்.